புயலுக்கு முன் எண்ணிய பறவைகள்

(நாரணாபுரத்தில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



நாரணாபுரம் கடலைக் காணாத ஊர். சிவகாசியைச் சூழ்ந்த இந்நிலத்தில் மழை குறைவு; வெயில் மிகுதி. அவ்வெயிலே இங்குத் தீப்பெட்டியையும் பட்டாசையும் தொழிலாக வளர்த்தது. ஐப்பசியில் வானம் கறுத்தால், காயவைத்த சரக்கு என்னாகும் என்பதே இவ்வூரார் உள்ளத்தில் முதலில் எழும் கவலை. வங்கக் கடலில் எழும் புயல் அவர்களுக்கு நாளிதழில் வரும் செய்தி. இத்தகைய ஊரில் உப்பங்கழிப் பறவைகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் எழக்கூடும்.

பொருந்தும். சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் பெய்யும் மழை கண்மாய்களை நிரப்புகிறது. மிகுந்த நீர் அர்ச்சுனா நதியிலும் வைப்பாற்றிலும் சென்று மன்னார் வளைகுடாவை அடைகிறது. வைப்பாறு கடலோடு கலக்கும் கரைப்பகுதியில் உப்பளங்களும் சேற்றுப் பரப்புகளும் உள்ளன. குளிர்காலத்தில் கண்மாய்க் கரையில் இறங்கும் உள்ளான்களும், கடற்கழியில் இரைதேடும் உள்ளான்களும் ஒரே வடதிசையிலிருந்து வருபவை. கடற்கரைக்கு நேர்வது உள்நாட்டு ஊர்களுக்கும் உரிய செய்தியே.

அவ்வகையில், தமிழகக் கடற்கரை அண்மைக் காலத்தில் கண்ட பெரும்புயல்களுள் ஒன்றையும், அதன்பின் பறவைகளை எண்ணும் பணி உணர்த்தும் பாடத்தையும் இவ்வுரை எடுத்துரைக்கிறது.

2018 நவம்பர் 16 ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று வீசிற்று. காவிரிப் படுகை மாவட்டங்களில் தலைமுறைகள் வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. மின்கம்பங்கள் பல்லாயிரக்கணக்கில் விழுந்தன. 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வேதாரணியத்து உப்பளங்களில் கடல்நீரும் சேறும் புகுந்தன. மீனவர் படகுகள் நொறுங்கின. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் வேரொடு பெயர்ந்தன. வெளிமான்களும் புள்ளிமான்களும் மாண்டன. அவற்றுட் சிலவற்றின் உடல்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு வேற்றுக் கரைகளில் ஒதுங்கின. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் கிளைகள் முறிந்து, இலைகள் உதிர்ந்து, பசுமை குன்றியது.

கோடியக்கரை எத்தகைய இடம் என்பதை அறிந்தாலன்றி இவ்விழப்பின் அளவு விளங்காது. வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் அது அமைந்துள்ளது. ஒருபுறம் வறண்ட பசுமைமாறாக் காடு. மறுபுறம் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வேதாரணியத்துப் பெருஞ்சதுப்பு. மழைக்காலத்தில் நீர் பரந்து கிடக்கும். கோடையில் உப்புப் பூத்து வெண்ணிலமாகும். 1930 ஆம் ஆண்டு இராசாசி உப்பெடுத்த கரை இதனருகே உள்ளது. 1967 இல் கோடியக்கரை வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2002 இல் கோடியக்கரை, பெருஞ்சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆகியவற்றை உள்ளடக்கிய 38,500 எக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக இராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன்பின் 20 ஆண்டுக்காலம் தமிழ்நாட்டில் அத்தகுதி பெற்ற இடம் அது ஒன்றே.

ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாசி முதல் இச்சதுப்பில் பறவைகள் வந்திறங்கத் தொடங்கும். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகினாற் சேற்றுநீரை அரித்து உண்ணும். உப்புக்கொத்திகள் கரையோரம் ஓடி ஓடிக் கொத்தும். ஆலாக்கள் நீர்மேல் வட்டமிடும். இவற்றிடையே கொசு உள்ளான் என்னும் சிறு பறவையும் உண்டு. அதன் எடை 20 முதல் 30 கிராம். ஒரு கைப்பிடி அவலின் கனம். வட துருவத்தை அடுத்த உறைபனி நிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து தமிழகச் சேற்றை நாடி வருகிறது. பங்குனி, சித்திரையில் மீண்டும் வடக்கே செல்கிறது. பறவைகளின் இப்போக்குவரவு தமிழர்க்குப் புதிய செய்தியன்று. நாரையை விளித்துப் பாடிய சத்திமுத்தப் புலவர், அது தென்குமரிக்குச் சென்று வடதிசைக்குத் திரும்பும் என்பதை அறிந்தே தம் தூதினை அதனிடம் ஒப்படைத்தார்.

கஜா புயல் வீசிய ஐப்பசி இறுதி, வலசைப் பறவைகள் வந்து நிறையும் காலம். ஆகவே புயல் ஓய்ந்தபின் ஒரு வினா எழுந்தது: பறவைகள் என்னாயின?

இவ்வினாவுக்கு எதிராக வேறொரு வினாவும் எழுதல் இயல்பு. கூரை இழந்த மக்கள் குடிநீருக்கு வரிசையில் நிற்கும்போது பறவையை எண்ணுவது முறையா? இது புறந்தள்ளத்தக்க வினா அன்று. பசித்தவர்க்கு உணவும் வீடிழந்தவர்க்கு உறைவிடமும் முதலில் வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் பறவை உண்ணும் சேற்றிலேதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அச்சேறு கெட்டதா, பிழைத்ததா என்பதை மீனவரின் வலை அறியச் சில மாதங்கள் ஆகலாம். பறவை சில நாட்களில் அறிந்துவிடும். இரையில்லாத சேற்றில் அது நில்லாது. பறவைக் கணக்கு, அந்நிலத்தை நம்பி வாழும் மக்களுக்கும் உரிய கணக்காகும்.

இனி, எண்ணுவது எவ்வாறு என்பதைக் காண்போர்க்கு அதன் அருமை புலப்படும். பல்லாயிரம் பறவைகள் கூடிய இடத்தில் ஒவ்வொன்றாக எண்ணுதல் இயலாது. பத்துப் பறவைகள் அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அதனைக் கொண்டு நூறு, ஆயிரம் என மதிப்பிடுவர். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் நின்று, அதே பருவத்தில், ஏறத்தாழ அதே நேரத்தில், நீர்மட்டத்தையும் குறித்துக்கொண்டு எண்ணுவர். இடமும் காலமும் மாறினால் இரு கணக்குகளை ஒப்பிட முடியாது. கூட்டத்தை எழுப்பிவிடாமல் தொலைநோக்கி கொண்டு தூரத்திலிருந்தே பார்ப்பர். ஏனெனில் அஞ்சி எழும் ஒவ்வொரு முறையும், நெடும்பயணத்துக்கெனச் சேர்த்த கொழுப்பைப் பறவை வீணே செலவிடுகிறது.

புயலுக்குப் பின் இப்பணி மேலும் நுட்பமாகிறது. கரையில் ஒதுங்கிய உடல்களைத் தேடிப் பதிவு செய்தல் முதற்படி. வழக்கமான இடங்களில் மீண்டும் எண்ணுதல் இரண்டாம் படி. நீரின் ஆழத்தையும் உப்பின் அளவையும் சேற்றில் உள்ள உயிர்களையும் ஆராய்தல் மூன்றாம் படி. இவற்றை ஒருமுறை செய்து விட்டுவிடாது, பறவைகள் வடக்கே திரும்பும்வரை மாதந்தோறும், பின்னர் ஆண்டுதோறும் தொடர்தல் நான்காம் படி.

இவற்றுள் நீரின் ஆழம் எளிதாகத் தோன்றினும் முதன்மையானது. பூநாரைக்கு நெடுங்கால், முழங்கால் அளவு நீரிலும் நின்று உண்ணும். கொசு உள்ளானுக்கோ விரல் நீளக் கால். ஈரச் சேற்றிலும் மிக மெல்லிய நீர்ப்படலத்திலுமே அது இரைதேட வல்லது. புயல்மழையில் சதுப்பு நிறைந்து நின்றால், சேற்றில் உணவு இருந்தும் அதற்கு எட்டாது. அப்போது அது வேறு கழிக்கோ, உள்நாட்டுக் குளத்துக்கோ பெயர்ந்துவிடும். எனவே புயலுக்கு மறுவாரம் ஓரிடத்தில் கொசு உள்ளான் ஒன்றும் இல்லையெனில், அவை இறந்தன என்று முடிவு கட்டலாகாது. இறந்திருக்கலாம், இடம் பெயர்ந்திருக்கலாம், இன்னும் வந்து சேராமலும் இருக்கலாம். இம்மூன்றையும் பிரித்தறிய ஒரு நாள் கணக்கு போதாது.

பறவையின் வாழ்வு அதனினும் சிறிய உயிர்களின் வாழ்வைச் சார்ந்தது. தொல்காப்பியர் சங்கு, நத்தை போன்றவற்றை ஈரறிவுயிர் என்றும், நண்டினை நான்கறிவுயிர் என்றும் வகுத்தார். உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்தறிதல் சமண மரபிலும் ஆழ வேரூன்றிய நெறி. சதுப்புநிலத்தில் நின்று பார்த்தால் அவ்வகுப்பின் பொருத்தம் கண்முன் தெரியும். புழுவும் சிப்பியும் நண்டும் சேற்றில் வாழ்வதாலேயே ஐயறிவுடைய பறவைக்கு அங்கு வாழ்வு உண்டு. புயல் கொணர்ந்த மணலும் வண்டலும் சேற்றின்மேற் படிந்து அவ்வுயிர்களை மூடிவிட்டால், ஒரு பறவையும் அடிபடாமலே அந்நிலம் பறவைக்கு உதவாததாகிவிடும். ஆகவே மாண்ட பறவைகளை மட்டும் எண்ணுவோர் புயலின் கேட்டினைப் பாதியே அறிவர்.

இங்ஙனம் புயலுக்குப் பின் எத்துணை நுட்பமாக எண்ணினும், அவ்வெண்ணுக்குத் தானாகப் பொருள் கிடையாது. ஒரு மார்கழியில் பத்தாயிரம் பறவைகள் இருந்தன என்றால் அது மிகுதியா, குறைவா? முந்தைய ஆண்டுகளின் கணக்கு இருந்தாலன்றி விடை கூற இயலாது. புயலுக்கு முன் எண்ணி வைத்ததே, புயலுக்குப் பின் எண்ணுவதற்குப் பொருள் தருகிறது.

கோடியக்கரை இவ்வகையில் பேறுபெற்ற இடம். 1883 இல் தொடங்கப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும், அதன் தூணாக விளங்கிய பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் 1960களிலேயே இவ்விடத்தின் சிறப்பை உணர்ந்தனர். பின்னர் கழகத்தின் ஆய்வாளர்கள் இங்கேயே தங்கி, குறிப்பாக 1980களில், பல்லாயிரம் பறவைகளுக்கு வளையமிட்டனர். அறிவியலாளர் சு. பாலச்சந்திரன் போன்றோர் அப்பணியைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தனர். மெல்லிய உலோக வளையத்தில் எண்ணும் கழகத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். இங்கு வளையமிடப்பட்ட பறவைகள் தொலைவிலுள்ள ரஷ்ய நிலத்தில் மீண்டும் கண்டறியப்பட்டன. வலசையின் வழி அவ்வாறே தெளிவாயிற்று.

பறவையைப் பிடித்துக் காலில் வளையமிடுதல் அதற்குத் துன்பமன்றோ என்று உயிரிரக்கம் உடையோர் வினவுவர். வினா நேரியதே. பிடிபட்ட பறவை அஞ்சும், அதனை மறைப்பதற்கில்லை. ஆகவேதான் உரிய பயிற்சியும் அரசின் இசைவும் பெற்றோர் மட்டுமே இதனைச் செய்கின்றனர். அளவெடுத்து, எடை பார்த்து, வளையமிட்டு, கூடிய விரைவில் விடுவிக்கின்றனர். வழிவழியாகப் பறவை பிடித்து வாழ்ந்தோரின் கைத்திறனும் இப்பணிக்குப் பயன்பட்டது. கொல்வதற்குக் கற்ற கைகள், இறகு கசங்காமற் பிடித்து விடுவிக்கும் கைகளாயின. அந்தச் சிறு துன்பத்துக்கு ஈடாகக் கிடைத்த அறிவு, அவ்வினம் முழுவதையும் காக்கப் பயன்படுதல் வேண்டும். பயன்படாவிடின் அத்துன்பத்துக்கு நியாயமில்லை.

அந்நெடுங்காலக் கணக்கு உணர்த்திய உண்மை கசப்பானது. 1980களில் கோடியக்கரையில் இலட்சக்கணக்கில் இருந்த நீர்ப்பறவைகள் பிந்தைய பத்தாண்டுகளில் பெரிதும் குறைந்துவிட்டன. கரண்டிமூக்கு உள்ளான் என்னும் அரிய பறவை அன்று இங்குப் பலமுறை காணப்பட்டது. இன்று உலகிலேயே சில நூறு என்னும் அளவுக்கு அருகிவிட்டது. சதுப்புக்கு வந்த நன்னீர் குறைந்ததையும், உப்பு மிகுந்ததையும், நிலத்தின் பயன்பாடு மாறியதையும் ஆய்வாளர்கள் காரணங்களாகச் சுட்டுகின்றனர். பறவைகள் தங்கிச் செல்லும் பிற நாட்டுக் கரைகளில் சேற்றுநிலங்கள் அழிந்ததும் அவற்றோடு சேரும். இவையனைத்தும் கஜா புயலுக்கு முன்பே நிகழ்ந்தவை.

இக்கணக்கு இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? 2018க்குப் பின் கோடியக்கரை செல்வோர் வெறிச்சோடிய சேற்றைக் கண்டு, எல்லாம் கஜாவின் செயல் என்று கூறித் திரும்பியிருப்பர். மனிதர் நாற்பது ஆண்டுகளாகச் செய்த பிழையும் ஓர் இரவுக் காற்றின் தலையில் ஏற்றப்பட்டிருக்கும். புயல் செய்த கேட்டினை இயற்கையே பெரும்பாலும் ஆற்றிக்கொள்ளும். வண்டல் படியும், புழு பெருகும், அலையாத்தி துளிர்க்கும். மனிதர் செய்த கேட்டினை மனிதரே ஆற்ற வேண்டும். எது எவர் செய்தது என்று பிரித்துக் காட்டும் சான்று, முன்னர் எண்ணி வைத்த ஏடு ஒன்றே.

இதற்கு வேறொரு சான்றும் உண்டு. சிவகாசியிலிருந்து தெற்கே சென்றால் கழுகுமலை. அம்மலையில் எட்டாம் நூற்றாண்டை ஒட்டிச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களை இங்குள்ளோர் பலரும் வணங்கியிருப்பர். திருவுருவங்களின் கீழே, செய்வித்தவர் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பெண் துறவியராகிய குரத்தியர் பெயர்களும் அவற்றுள் உள. பெயரும் ஊரும் தவறாமற் பதிந்து வைத்த அம்முன்னோரால் அவர்தம் காலம் இன்றும் பேசுகிறது. மலையின் பெயரில் உள்ள கழுகோ பெயரளவில் நிற்கிறது. பிணந்தின்னிக் கழுகுகளாகிய பாறுகள் தமிழ்நாட்டில் இன்று முதுமலை, மாயாற்றுப் பகுதிகளிலேயே எஞ்சி வாழ்கின்றன.

இந்தியா முழுவதும் பாறுகள் மறைந்ததை உலகம் எவ்வாறு அறிந்தது? இராசத்தான் மாநிலத்துப் பரத்பூர்ப் பறவைப் புகலிடத்தில் விபு பிரகாஷ் என்னும் ஆய்வாளர் 1980களில் அவற்றை எண்ணி வைத்திருந்தார். 1990களில் மீண்டும் எண்ணியபோது பெரும்பாலானவை இல்லை. அவ்வொப்பீடே உலகின் கவனத்தை ஈர்த்தது. மாட்டுக்குச் செலுத்திய டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, அம்மாட்டின் உடலை உண்ட பாறுகளைக் கொல்கிறது என்பது 2004 இல் வெளியாயிற்று. 2006 இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதனைத் தடைசெய்தது. மிகுதியாக இருந்த காலத்தில் ஒருவர் எண்ணி வைத்ததனால் அன்றோ குறைந்தபோது காரணம் தேடப்பட்டது!

புயலும் பறவையும் சந்தித்த மற்றோர் இடம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் நள்ளிரவில் எழுந்த புயல், அவ்வூரையும் அங்கு வந்துகொண்டிருந்த தொடர்வண்டியையும் கடலுக்குள் கொண்டது. ஊர் மீண்டும் எழவில்லை. அம்மணல்திட்டுகளையும் கழிகளையும் குளிர்காலந்தோறும் பூநாரைகள் நாடி வருகின்றன. வருவதை ஆண்டுதோறும் கண்டு பதிவு செய்தனர் பறவை ஆர்வலரும் வனத்துறையினரும். 2025 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியைப் பெரும் பூநாரைகளின் புகலிடமாக அறிவித்தது. பதிவுகள் இல்லையேல் அந்நிலம் வெறும் மணலாகவே அரசின் ஏட்டில் இருந்திருக்கும்.

இனி நாரணாபுரத்துக்குத் திரும்பலாம். இவ்வூரில் இருந்துகொண்டு கடற்கழியை எண்ண இயலாது. கண்மாயை எண்ண இயலும். கடற்கரையில் புயல் வீசினால் பறவைகள் ஒதுங்கும் உள்நாட்டு நீர்நிலைகளுள் இப்பகுதிக் கண்மாய்களும் சேரும். ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் ஆசிய நாடுகள் பலவற்றில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. இந்தியத் துணைக்கண்டத்தில் அது 1987 இல் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் ஒரு கணக்கெடுப்பை நடத்தி வருகின்றனர். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து அனுப்பினால் போதும். பள்ளிப் பிள்ளையும் செய்யலாம். பணி ஓய்வு பெற்றவரும் செய்யலாம்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் புகலிடத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டும் பறவைகள் அஞ்சாதிருக்கத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. பட்டாசுத் தொழிலால் அடுப்பெரியும் மண்ணில் இதனைக் கூறுவது அத்தொழிலைக் குறைகூறுவதாகாது. எவ்விடத்தில், எப்பருவத்தில் வெடி கூடாது என்பதை அம்மக்கள் அறிந்துள்ளனர். அதனை அறிந்தது பறவை வரும் நாளையும் போகும் நாளையும் அவர்கள் ஆண்டுதோறும் கவனித்ததனால். அறியாத உயிரைக் காத்தல் எவர்க்கும் அரிது. அருள் தொழிற்படுவதற்கு அறிவு முன்னே செல்ல வேண்டும்.

வீட்டுக்கொரு குறிப்பேடு இருக்கட்டும். அருகிலுள்ள கண்மாயில் பொங்கல் நாளில் இத்தனை உள்ளான், இத்தனை நாரை, நீர் இந்தப் படிவரை என்று தாத்தாவும் பேர்த்தியும் எழுதி வைக்கட்டும். முதல் ஆண்டில் அது பெரிதாகத் தோன்றாது. பத்தாம் ஆண்டில் அதற்கு விலை ஏற்படும். அடுத்த புயல் எந்த ஆண்டில் வரும் என்று எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. பொங்கல் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது.